மூன்று ஒழுங்கைகளின் ஒன்றியமும் அதன் முதற் பிரஜையும்

அரச சேவையின் கடைசி வருடங்களை நான் கொழும்பில், அண்டை நாடுகளை ஒன்றாக்கும் கோப்புகளோடு கழித்தேன். நாடுகள் ஒன்றாகவில்லை. கோப்புகள் மட்டும் இடப் பற்றாக்குறையால் ஒரே அலுமாரிக்குள் வந்து சேர்ந்தன. அந்தக் கூட்டங்களின் முதல் நாள் காலை முழுவதும் மேசைக் கொடிகளை ஒழுங்குபடுத்துவதிலேயே போகும். ஒரு நாட்டின் கொடிக்கம்பு மற்றவற்றைவிட ஒரு விரல் உயர்ந்திருந்த காரணத்தால் ஒரு தடவை கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே தொடங்கியது. உடன்பாடில்லாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பது வழக்கம். எல்லைகளைத் திறந்துவிடுவது பற்றிய ஒரு கூட்டறிக்கையில், மூன்றாம் நாள் மாலை அடைப்புக்கு வெளியே நின்றது "மற்றும்" என்ற ஒரு சொல்தான். அதை எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டோம்.

ஓய்வுபெற்றுக் குண்டசாலைக்கு வந்தபின் இந்த அறிவை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். எங்கள் சிறு தெருவான மேல் ஒழுங்கையின் மரண உதவிச் சங்கம் அதைக் கண்டுபிடித்து, வந்த மாதமே என்னைச் செயலாளராக்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் மரண உதவிச் சங்கம் இல்லாதவன் சாவது ஒரு சிரமமான காரியம். கூடாரம், கதிரைகள், தெருவில் கட்டும் வெள்ளைக் கொடிகள், தேத்தண்ணீர் அண்டா, தூக்குவதற்கு ஆட்கள் எல்லாம் சங்கத்திலிருந்துதான் வரும். ஒரே மலைச்சரிவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், மூன்று ஒழுங்கைகள், மூன்று சங்கங்கள். மேல் ஒழுங்கையில் பெரும்பாலும் நாங்கள்: கண்டி கடைக்காரர்கள், கிளார்க்குகள், மாநகர சபையில் வேலை பார்த்தவர்கள். தலைவர் ஓய்வுபெற்ற ரயில் கார்ட். நடு ஒழுங்கையில் பெரும்பாலும் சிங்களவர்கள். தலைவர் ஒரு முன்னாள் பாடசாலை அதிபர், எல்லோரும் மரியாதையாக அழைக்கும் அதிபர் மாத்தயா. மகாவலிப் பக்கமாக இறங்கும் கீழ் ஒழுங்கை எல்லோரும் கலந்தது. கெலிஓயாவிலிருந்து வந்து இங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் அதற்குத் தலைவர்.

மேல் சங்கத்திடம் அண்டாவும் கொடிகளும் இருந்தன. நடுச் சங்கத்திடம் நல்ல கதிரைகள். கீழ்ச் சங்கத்திடம் புத்தம் புதிய கூடாரம். அங்கே பாதிப் பேரின் மரணத்தைப் பள்ளிவாசல் பார்த்துக்கொள்வதால் அது கந்தூரி விருந்துக்கு மட்டும் வெளியே வரும். ஆக, மேலே செத்தவன் வெயிலில் நின்றவர்களுக்கு நல்ல தேத்தண்ணீர் கொடுத்தான். நடுவில் செத்தவன் எல்லோரையும் வசதியாக மழையில் உட்காரவைத்தான். ஒருவரிடம் ஒருவர் இரவல் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று மூன்று சங்கமும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றியிருந்தன. எங்கள் தீர்மானத்தை எழுதியது நான்.

நான் எழுதிய இன்னொன்றும் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலையில் அக்கா வந்தார். மாநகர சபையில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். ஆனாலும் மூன்று ஒழுங்கைக்கும் அவர் அக்காதான். அவருடைய வீடு மேல் ஒழுங்கைக்கும் நடு ஒழுங்கைக்கும் இடையில் இருக்கிறது. முன்வாசல் படி ஏறினால் மேல் ஒழுங்கை, பின்பக்கக் குசினி வாசல் படி இறங்கினால் நடு ஒழுங்கை. தண்ணீர் பில் நடு ஒழுங்கை முகவரிக்கு வரும். வாக்காளர் இடாப்பில் மேல் ஒழுங்கை. எங்கள் சங்கம் தண்ணீர் பில்லைக் காட்டி அவரைச் சேர்க்க மறுத்தது. நடுச் சங்கம் வாக்காளர் இடாப்பைக் காட்டி மறுத்தது. இரண்டும் சட்டப்படி சரி. நான் சரிபார்த்திருக்கிறேன்.

"ஐயா, இது நீங்க எழுதுனது தானே" என்றார்.

ஒன்பது வருடத்துக்கு முந்திய கடிதம். 'தங்கள் இல்லம் எமது எல்லைக்குள் அமையவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்.' வருத்தத்துடன் என்ற சொல்லை நானே யோசித்துச் சேர்த்தது எனக்கு நினைவு வந்தது.

"எழுத்து அழகா இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு."

அவருடைய கணவர் அதற்கு அடுத்த வருடம் இறந்துபோனார். கூடாரம் இல்லை, கதிரை இல்லை. நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டத்திலிருந்து கணவரின் தம்பிமார் ஒரு லொறியோடு வந்து, அன்றைக்கே உடலை ஏற்றிக்கொண்டு போய் அங்கே அடக்கம் செய்தார்கள். நடு ஒழுங்கையில் உடலை ஏற்றிய லொறி எங்கள் ஒழுங்கையால்தான் வெளியேறிப் போனது. நான் என் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றேன். அதற்கு மேல் செய்வதற்கு எனக்கு அதிகாரம் இருக்கவில்லை.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல. பிள்ளகுட்டி இல்லாதவ. செத்தா வாசல்ல ஒரு கூடாரம் கட்டணும். நாலு பேரு தூக்கணும். இந்த வீட்டுல இருந்தே போகணும். லொறியில ஏத்தக் கூடாது. அவ்வளவுதான் ஐயா."

கார்ட் ஐயாவிடம் போனேன். அவர் ரயிலை விட்டு இறங்கிப் பல வருடமானாலும், எதையும் ரயிலாகவே பார்ப்பவர்.

"சேர், ஒருத்தருக்குக் கதவத் தெறந்தா பின்னால முழுப் பெட்டியும் ஏறும்" என்றார்.

அக்கா ஒருவர்தானே, பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். முன்மாதிரி என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். அந்த வாதத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. எல்லையில் இருக்கும் ஒருவரைச் சேர்க்க முடியாவிட்டால், எல்லையை எடுத்துவிடலாம். மூன்று சங்கமும் ஒன்றியமாகிவிட்டால் அக்கா எந்தப் படியால் போனாலும் உள்ளேதான் இருப்பார்.

ஒன்றியம் என்ற சொல்லைக் கேட்டதும் மூன்று தலைவர்களுக்கும் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. ஹாஜியார்தான் முதலில் இணங்கினார்.

"கூடாரம் ஈக்கி, சேர். மடிச்சு வெச்சு எலி கடிக்க விடுறத்த விட, குடுத்தா நன்மையாச்சும் கெடைக்கும். ஆனா எங்கட பேரு மொதல்ல வரணும், இப்பவே செல்லிட்டன்."

மாநாடு ஹாஜியாருடைய இரும்புக்கடையின் மேல்மாடியில், பெயின்ட் வாளிகளுக்கு நடுவே நடந்தது. அது நடுநிலையான இடமல்ல என்று அதிபர் மாத்தயா எழுத்தில் ஆட்சேபித்துவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஒழுங்கைகளை மேலிருந்து கீழே எழுதினால் கீழ் ஒழுங்கைக்கு மனத்தாங்கல். கீழிருந்து மேலே எழுதினால் கார்ட் ஐயாவுக்கு. எப்படி எழுதினாலும் நடு ஒழுங்கை நடுவிலேயே நின்றது அதிபருக்குத் தாங்கவில்லை. கடைசியில் பெயர்களை ஒரு வட்டத்தைச் சுற்றி எழுதினோம். முத்திரை வெட்டுபவர் எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று கேட்டார். அதுதான் யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். தலைமைக் கதிரையில் மூவரும் அரை மணிக்கு ஒருவராக மாறி உட்கார்வதாக முடிவானது. ஒருவர் எழுந்தால் மூவரும் எழவேண்டியிருந்ததால், கூட்டத்தின் கணிசமான பகுதி கதிரைகளை நகர்த்துவதில் கழிந்தது. எனக்குக் கொழும்பு ஞாபகம் வந்து மனது நிறைந்தது.

கொடி விடயம் எதிர்பாராத விதமாக ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சாவீட்டுக்கு எல்லோரும் கட்டுவது வெள்ளைக் கொடி. எவர் நிறமும் அதில் இல்லை. ஆகவே வெள்ளையே ஒன்றியத்தின் கொடி. வெள்ளைக் கொடியைத் தன் சொந்தக் கொடியாக ஏற்றுக்கொண்ட வேறு ஒன்றியம் உலகில் இருப்பதாக நான் படித்ததில்லை.

நான் பொதுச் செயலாளரானேன். பொதுச் செயலாளர் எந்த உறுப்புச் சங்கத்தையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் அந்த இடத்திலேயே மேல் ஒழுங்கைச் சங்கத்தின் அங்கத்துவத்தைத் துறந்து கடிதம் கொடுத்தேன். கார்ட் ஐயா அதைப் படித்துப் பார்த்து, தேதி போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூவரும் கைதட்டினார்கள்.

யாப்பை நான் எழுதினேன். எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக இருக்க வேண்டும் என்பது எட்டாம் பிரிவு. ஒன்பதாம் பிரிவு என் பெருமை: 'உறுப்புச் சங்கங்கள் இரண்டுக்கு இடையிலான பிணக்குகளும், மனக்கசப்பை உண்டாக்கக்கூடிய வேறெந்த விடயமும் ஒன்றியத்தின் கூட்டங்களில் எடுக்கப்படமாட்டா.' அண்டை நாடுகளின் கூட்டங்களில் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டது இப்படி ஒரு பிரிவு இருந்ததால்தான். சண்டை போட வேண்டியவர்கள் சண்டையைப் பற்றிப் பேச முடியாது என்பதால், வானிலை, தபால்தலை, நாட்டுப்புற நடனம் ஆகியவற்றைப் பற்றி மிகுந்த நட்புடன் பேசினார்கள். அந்தப் பிரிவு இல்லாமல் ஒரு ஒன்றியத்தை எனக்குக் கற்பனை செய்யவே முடியவில்லை.

முதலாவது சாதாரணக் கூட்டத்தில் அக்காவின் விண்ணப்பம் நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயமாக இருந்தது. அவர் கீழே கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியில் உட்கார்ந்து காத்திருந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார்.

அதிபர் மாத்தயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாப்பைப் புரட்டினார். இந்த வீடு யாருடையது என்பது மேல் சங்கத்துக்கும் நடுச் சங்கத்துக்கும் இடையிலான பிணக்கு அல்லவா என்று சிங்களத்தில் மிக மரியாதையாகக் கேட்டார். கார்ட் ஐயா ஒத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் ஒரு விடயத்தில் உடன்பட்டது அதுதான் முதல் தடவை. அப்படியென்றால் ஒன்பதாம் பிரிவின்படி எடுக்க முடியாதே என்றார் ஹாஜியார், உண்மையான வருத்தத்தோடு. நான் சிங்களப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் எடுத்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு பொந்து இருக்கும் என்று நம்பினேன். மூன்று மொழியிலும் ஒரே மாதிரித் தெளிவாக இருந்தது. மொழிபெயர்ப்பையும் நானே பார்த்துத் திருத்தியிருந்தேன்.

கீழே இறங்கி வந்தேன்.

"என்னாங்க ஐயா ஆச்சு?"

அவருடைய விடயம் பேசப்பட முடியாதது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்றேன்.

"பேசாம எப்புடிங்க தீர்மானிச்சீங்க?"

முப்பத்தைந்து வருட சேவையில் இந்தக் கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை. புதன்கிழமை வந்து பாருங்கள் என்றேன். அலுவலகத்தில் பொதுமக்கள் நாள் புதன்கிழமையாக இருந்த காலத்தில் பழகிய வாய். பதில் இல்லாத இடங்களில் தானாக வரும். அக்கா தலையாட்டிவிட்டு, வாளியை நிமிர்த்தி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுவதும் யாப்பை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். செவ்வாய்க்கிழமை காலை கண்டுபிடித்தேன். ஒத்திகை. யாப்பில் ஒத்திகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒத்திகை ஒரு தீர்மானமல்ல, ஒரு நிர்வாக நடவடிக்கை. ஆகவே அது பொதுச் செயலாளரின் தனி அதிகாரம். மூன்று சங்கங்களின் கூடாரமும் கதிரையும் கொடியும் ஒன்றாகப் பொருந்துமா என்று உண்மையான மரணத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டாமா? எங்கே பார்ப்பது? ஒரு சங்கத்தின் எல்லைக்குள் வைத்தால் மற்ற இரண்டும் வராது. எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லை என்று இரண்டு சங்கங்கள் எழுத்தில் உறுதிப்படுத்திய நிலம் இந்த மலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்காவின் முற்றம்.

மூன்று தலைவர்களுக்கும் அறிவித்தல் கொடுத்தேன். ஆட்சேபிக்க வேண்டுமானால், அந்த முற்றம் தங்களுடையது என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அதை எவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை அக்கா என் வீட்டுக்கு வரமுன்னரே ஒன்றியம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. ஹாஜியாருடைய கடை ஆட்கள் கூடாரத்தைக் கட்டினார்கள். நடு ஒழுங்கையிலிருந்து கதிரைகள் குசினிப் படியால் ஏறி வந்தன. கார்ட் ஐயா தானே முன்னின்று, பழைய விசிலை ஊதி ஊதி, பிரதான வீதி வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டுவித்தார். ஒரு கொடி கோணியிருந்ததை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டவைத்தார். அண்டாவில் தேத்தண்ணீர் கொதித்தது. எல்லாம் மிகச் சரியாக நடந்தது. இது ஒத்திகை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எந்தப் பிரிவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனால் எவரும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சந்தியில் ஆட்டோ ஓட்டுபவர்கள் சீனியும் தேயிலையும் கொண்டுவந்தார்கள். நடு ஒழுங்கையிலிருந்து வெள்ளை உடுத்த பெண்கள் வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூடாரத்தின் வாசலில் அக்கா நல்ல சேலையோடு நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார். அவரைப் பல வருடமாகத் தெரிந்தவர்கள்கூட, வீட்டில் வேறு யாரோ இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பதினொன்றரைக்கு நாவலப்பிட்டி பஸ்ஸில் அவருடைய கொழுந்தன் வந்துசேர்ந்தார். யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். முதல் கொடியைக் கண்டதிலிருந்தே அழுதுகொண்டு வந்தவர், கூடாரத்துக்குள் நுழைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணி, யாரு செத்தது?"

"நான்தாங்க தம்பி. உள்ள வாங்க. தேத்தண்ணி குடிங்க."

அவர் கதிரையில் உட்கார்ந்து அண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தார். லொறிக்குச் சொல்லிவிட்டு வந்ததாகவும், இனி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்.

"அனுப்பிருங்க" என்றார் அக்கா. "இனி எப்பவும் வேணாம்."

மிஞ்சியிருந்தது தூக்குவதுதான். அதுதான் ஆபத்தான இடம். எந்தப் படியால் கொண்டுபோவது என்பது, இந்த வீடு யாருடையது என்ற கேள்வியேதான். பேசினால் ஒன்பதாம் பிரிவு. ஆகவே எவரும் பேசவில்லை. கடையிலிருந்து ஆட்கள் உட்காரும் ஒரு நீள வாங்கைக் கொண்டுவந்து, அதைப் பிரேதப் பெட்டியாக வைத்துக்கொண்டு, கார்ட் ஐயா, அதிபர் மாத்தயா, ஹாஜியார், நான் நால்வரும் ஆளுக்கொரு காலைப் பிடித்தோம். எங்கள் நால்வரின் வயதையும் பார்த்த கொழுந்தன் பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

முதலில் முன்படியால் ஏறினோம். திருப்பத்தில் மதில் இடித்தது. பின்னால் எடுத்து, சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி ஏறினோம். வாங்கு திரும்பவேயில்லை. கார்ட் ஐயா ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு விசிலை ஊதி, குசினிப் படியைக் கையால் காட்டினார். அதிபர் மாத்தயா தன் பிடியைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு முன்னால் ஓடிப்போய், தன் ஒழுங்கைக்குள் இறங்கும் படியில் கிடந்த பூச்சட்டிகளைத் தானே எடுத்து ஒதுக்கினார். பல வருடமாகக் கடிதங்களில் தீராதது, ஒரு வாங்கின் நீளத்தால் தீர்ந்தது.

படியின் பாதியில் அக்காவின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

"தலப்பக்கத்தக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. அங்க ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரரத் தூக்குனப்ப அதுலதான் இடிச்சுச்சு."

தலைப்பக்கம் பிடித்திருந்தது நான். தூக்கிப் பிடித்தேன். நடு ஒழுங்கையில் இறக்கிவைத்தபோது ஹாஜியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே ஆள் அனுப்பி அந்தக் கல்ல ஒடைக்கிறன், சேர்" என்றார். அது கூட்ட அறிக்கையில் இல்லை. ஆனால் மறுநாள் ஆள் வந்து உடைத்தார்.

அன்று மாலை நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்து எழுதினேன். எந்த உறுப்புச் சங்கத்துக்கும் சொந்தமில்லாத நிலம் ஒன்றியத்தின் நேரடி நிலமாகும்; அதில் வசிப்பவர் ஒன்றியத்தின் நேரடிப் பிரஜையாவார். இலக்கம் ஒன்று, அக்கா. மூவரும் முற்றத்திலேயே கையெழுத்திட்டார்கள். களைத்திருந்தவர்கள் எதிலும் கையெழுத்திடுவார்கள் என்பதும் கொழும்பில் கற்றதுதான். பிரதி ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன். அதை மடித்து, என் பழைய கடிதம் இருந்த அதே உறைக்குள் வைத்தார்.

ஒன்றியம் அதன்பிறகு கூடவில்லை. கூடாரத்தைக் கொண்டுபோவதற்கு யாப்பில் விதி இருந்தது, திருப்பி எடுப்பதற்கு இல்லை. அதைத் திருத்த ஏகமனது வேண்டும். ஏகமனதுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில் மனக்கசப்பு வந்துவிட்டது. இரண்டு வாரம் கூடாரம் முற்றத்திலேயே நின்றது. அக்கா அதற்குக் கீழே மிளகாய் காயவைக்கப் பார்த்து, வெயில் படாததால் வெளியே எடுத்துப் போட்டார். பிறகு கெலிஓயாவில் ஒரு கந்தூரி வந்தது. ஹாஜியார் எவரிடமும் கேட்காமல் கழற்றிக்கொண்டு போனார். கதிரைகளும் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. ஒன்றியத்தைக் கலைப்பதற்கும் ஏகமனது வேண்டும் என்பதால் அது இன்றுவரை சட்டப்படி இருக்கிறது. வீதியில் ஒரு கொடியும் இருக்கிறது, கோணாமல்.

போன மாதம் எனக்கு நெஞ்சில் ஒரு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வீடு திரும்பும்போதுதான் என் நிலை எனக்கு உறைத்தது. மேல் சங்கத்தை நான் துறந்துவிட்டேன். கார்ட் ஐயாவிடம் போனேன். அவர் சட்டைப்பையிலிருந்து அல்ல, ஒரு கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து வைத்தார். துறந்தவரை மீளச் சேர்ப்பதற்கு விதி இல்லை என்றார், வருத்தத்துடன். விதிகளை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றியம். நேரடிப் பிரஜையாகச் சேர்வதற்கு, அதே பதிவுப் புத்தகத்தில் நான் எழுதியிருந்தபடி, இருக்கும் நேரடிப் பிரஜைகளின் ஏகமனதான சம்மதம் வேண்டும். விண்ணப்பத்தை ஒழுங்காக எழுதி, பிரதி எடுத்து, முன்படி இறங்கி அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"எழுத்து இன்னமும் அழகாத்தான் இருக்கு" என்றார். "ஒங்க வீடு எந்த எல்லைங்க ஐயா?"

மேல் ஒழுங்கை என்றேன்.

"அப்ப கொஞ்சம் யோசிக்கணுமே." விண்ணப்பத்தை மடித்து அந்த உறைக்குள் வைத்தார். "புதன்கெழம வாங்க."

புதன்கிழமை போனேன். வாசலில், எவரும் திருப்பி எடுத்துப் போகாத அந்த நீள வாங்கு கிடந்தது. உள்ளே அக்கா யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன்.